தங்கையின் மருந்து அக்காவுக்கு ஆகுமா?

கேள்வி: எனக்கு 62 வயது. 49 வயதில் மாதவிடாய் நின்றது. பிரஷருக்குக் குளிசை எடுக்கிறேன். கனடாவில் இருக்கும் என் தங்கைக்கு 52. உடம்பு வெக்கைக்காகத் தோலில் ஒட்டும் ஹோர்மோன் மருந்து பாவிக்கிறாள். “இது இதயத்துக்கும் நல்லது, உனக்குக் குளிசையாக அனுப்புகிறேன்” என்கிறாள். அப்பாவும் மாரடைப்பால்தான் போனவர். எடுக்கலாமா, டொக்டர்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: வேண்டாம் அக்கா. பொதி வந்து சேர்ந்தாலும் பிரிக்க வேண்டாம்.

தங்கை சொல்வதில் பாதி சரி. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் குறைகிறது, கெட்ட கொலஸ்ட்ரோல் ஏறுகிறது. குறைந்ததைத் திருப்பிக் கொடுத்தால் இதயம் தப்பும் என்று வைத்தியர்களும் நம்பிய காலம் இருந்தது. தொண்ணூறுகளில் மாணவியாக நானும் அப்படித்தான் படித்தேன்.

2002 ஜூலையில் அந்த நம்பிக்கை உடைந்தது. அமெரிக்காவில் 16,608 பெண்களில் ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹோர்மோனும் சேர்ந்த குளிசை, மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் குளிசை கொடுத்துப் பார்த்த ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். வெறும் குளிசை எடுத்தவர்களில் வருடத்துக்குப் பத்தாயிரத்தில் 30 பேருக்கு இதய நோய். ஹோர்மோன் எடுத்தவர்களில் 37. பாரிசவாதம் 21இலிருந்து 29 ஆனது. மார்பகப் புற்றுநோயும் கூடியது.

அந்தப் பெண்களின் சராசரி வயது 63. ஏறக்குறைய உங்கள் வயது. அந்த வயதில் பலருக்கு இரத்தக்குழாயில் கொழுப்பு ஏற்கெனவே படிந்திருக்கும். வாயால் எடுக்கும் ஈஸ்ட்ரஜன் ஈரல் வழியாகப் போய், இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. படிவும் உறைவும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தங்கையின் நிலை வேறு. அறுபதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கினால் ஆபத்து குறைவு. தோலில் ஒட்டுவது குளிசை போல முதலில் ஈரல் வழியாகப் போகாததால் உறைவுப் பயமும் குறைவு. வெக்கையும் வியர்வையும் நித்திரையைக் கெடுத்தால் அவருக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் அவருக்குங்கூட இதயத்தைக் காக்க என்று அதைக் கொடுப்பதில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். வெக்கை பற்றி உங்களுக்கென்று ஒரு வரியும் இல்லை.

உங்கள் இதயத்தைக் காப்பது அந்தப் பிரஷர் குளிசைதான். நல்லூர்த் திருவிழா 25 நாளும் விரதம் என்று குளிசையையும் சேர்த்து விடுகிற அம்மாமாரை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், மனம் பதறும். விரதம் பிடியுங்கள், குளிசையை விடாதீர்கள். நேரத்தை மாற்றுவதென்றால் கிளினிக்கில் கேட்டு மாற்றுங்கள். அப்பாவுக்கு எத்தனை வயதில் மாரடைப்பு வந்தது என்பதையும் அங்கே சொல்லி, சீனியும் கொலஸ்ட்ரோலும் பாருங்கள்.

இன்னொன்று. பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. தாடை நோ, முதுகு நோ, மூச்சு வாங்கல், குமட்டல், குளிர்ந்த வியர்வை என்றும் வரும். வாயு என்று இஞ்சித் தண்ணி குடித்துக்கொண்டு காத்திராமல் உடனே 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கே வரும், காசு இல்லை.