திருப்பூர் பனியன் அமெரிக்காவை மட்டும் நம்பியதா?
திருப்பூர் ஏற்றுமதி எப்போதுமே அமெரிக்காவை நம்பித்தான் இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. 1970-களின் கடைசியில் இத்தாலிக்காரர்கள் தேடி வந்ததில்தான் கணக்கு தொடங்கியது. அப்புறம் மற்ற ஐரோப்பிய நாடுகள். எந்த நாட்டுக்கு எவ்வளவு சரக்கு என்பதை அன்று கோட்டாதான், அதாவது இறக்குமதி செய்யும் நாடுகள் வைத்த அளவு வரம்புதான், தீர்மானித்தது. கோட்டா வைத்திருந்தவர் ராஜா! 2005 தொடக்கத்தில் அது ஒழிந்ததும் அமெரிக்கப் பெருங்கடைகளின் ஆர்டர்கள் பெருகின. ஐரோப்பாவிலோ வங்கதேசச் சரக்குக்கு வரி கிடையாது, நமக்கு உண்டு. பீஸுக்குச் சில சென்ட் வித்தியாசத்திலேயே ஆர்டர் கைநழுவும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியபோது, அமெரிக்காவுக்கு மட்டுமே தைத்துக்கொண்டிருந்த யூனிட்டுகள் திணறிப்போயின. அதற்கு முந்தைய மாதம் பிரிட்டனோடு கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தைக் கொங்குப் பக்கம் அவ்வளவு ஆவலாகப் பேசுவது இதனால்தான்.