விழுந்தவருக்கு வந்தது வலிப்புதானா?

இதய நோய் மருத்துவர்களும் அவசர சிகிச்சை மருத்துவர்களும் பதில் அளிக்கிறார்கள்

டீக்கடையில் நின்றிருந்த 52 வயதுக்காரர் திடீரென்று சரிந்தார். கைகால் வெட்டி இழுத்தது. குறட்டை போல மூச்சும் வந்தது. வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணித்தோம், முகத்தில் தண்ணீர் தெளித்தோம். ஆஸ்பத்திரியில் ‘கார்டியாக் அரெஸ்ட்’ என்றார்கள். மூச்சு இருந்தவருக்கு இதயம் எப்படி நின்றிருக்கும்?
– மதுரை வாசகர்

இதயம் ரத்தத்தைத் தள்ளுவதை நிறுத்தியதும் பத்துப் பதினைந்து விநாடிக்குள் ஆள் நினைவிழந்து சரிந்துவிடுவார். பிராணவாயு இல்லாமல் மூளை தவிக்கும்போது சில விநாடிகள் கைகால் வெட்டுவது உண்டு. பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மூளைத்தண்டு மட்டும் இன்னும் சிறிது நேரம் வேலை செய்யும். அதனால் கரையில் போட்ட மீன் போல வாய் ஒருமுறை திறக்கும். பல விநாடி ஒன்றும் இருக்காது. மறுபடி ஓர் இழுப்பு, ஒரு குறட்டைச் சத்தம். நெஞ்சு சீராக ஏறி இறங்காது. ‘இன்னும் இழுத்துக்கிட்டுதானே இருக்கு’ என்று காத்திருக்கிறார்களே, அந்த இழுப்பு வரும்போதே நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிட வேண்டும்.

தோளைத் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் பத்து விநாடிக்கு மிகாமல் நெஞ்சையும் வயிற்றையும் பாருங்கள். சீரான மூச்சு இல்லையா, அது கார்டியாக் அரெஸ்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாடி தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். பழகிய கைகளே அதில் தவறுகின்றன. சாதாரண வலிப்பில் வெட்டு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் அடங்கி, பிறகு மூச்சு ஆழமாகவும் தொடர்ச்சியாகவும் வரும். அப்படி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாவியும் இரும்பும் வலிப்புக்கும் பயன்படாது. இதயம் நின்றவருக்கோ, நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைத் தின்றுவிடுகிறது. இதயம் ஓடிக்கொண்டிருப்பவரைத் தவறாக அழுத்திவிட்டாலும் பெரிய கேடு வருவது அரிது.

வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான். அவருக்கு இப்படி ஆனால் முதலில் 108-க்குப் பேசுவதா, நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர். முதலுதவி செய்வதா? என் எடை 45 கிலோ, என்னால் முடியுமா?
– தஞ்சாவூர் வாசகி

இரண்டையும் சேர்த்தே செய்யலாம். 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள். கை நெஞ்சுக்குப் போகட்டும். வாசல் கதவைத் திறந்துவைக்க அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுங்கள். அவர் கயிற்றுக் கட்டிலிலோ மெத்தையிலோ இருந்தால் தரைக்கு இழுத்துவிடுங்கள். மெத்தையில் அழுத்தினால் அமுங்குவது மெத்தைதான்.

பக்கத்தில் மண்டியிடுங்கள். மணிக்கட்டை ஒட்டிய உள்ளங்கை மேட்டை நெஞ்சின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் வையுங்கள். இடது மார்பில் வைக்க வேண்டாம். மறுகையை அதன்மேல் வைத்து விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்கக் கூடாது. தோள்கள் கைக்கு நேர்மேலே வர வேண்டும். அப்படி வந்தால் அழுத்துவது உடம்பின் எடை, புஜபலம் அல்ல. 45 கிலோ போதும். ஆழம் 5 முதல் 6 செ.மீ.; வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. முப்பது அழுத்தம் 15 முதல் 18 விநாடிக்குள் முடிந்தால் வேகம் சரி.

தவறுவது பெரும்பாலும் கையை விடுவதில். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுவதும் மேலே எழும்ப வேண்டும். அப்போதுதான் இதயத்துக்குள் ரத்தம் திரும்ப நிரம்பும், இதயத் தசைக்கும் ரத்தம் போகும். களைத்துப்போய்க் கையை ஊன்றிச் சாய்ந்துவிட்டால் காலிப் பையைப் பிசைந்த கதைதான். இன்னொன்று, ‘கண் திறக்கிறாரா’ என்று அடிக்கடி நிறுத்திப் பார்ப்பது. நிறுத்தியதும் ரத்த அழுத்தம் விழுந்துவிடும்; பழைய அளவுக்கு ஏற்ற மறுபடி பல அழுத்தங்கள் வேண்டும். விலா எலும்பு ‘மளுக்’கென்று முறியும் சத்தம் கேட்கலாம். பயந்து கையை எடுத்துவிடாதீர்கள். எலும்பு கூடிவிடும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். களைப்பு உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடும். அவர் அசைந்தோ, கண் திறந்தோ, சீராக மூச்சுவிடும் வரை, அல்லது ஆம்புலன்ஸ்காரர்கள் கைமாற்றிக்கொள்ளும் வரை தொடருங்கள்.

வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாவிட்டால் விடுங்கள். திடீரென்று விழுந்த பெரியவரின் ரத்தத்தில் முதல் சில நிமிடங்களுக்குப் பிராணவாயு இருக்கும். நீரில் மூழ்கியவர், தூக்கில் தொங்கியவர், குழந்தை ஆகியோருக்கு மட்டும் மூச்சும் கட்டாயம் வேண்டும்: 30 அழுத்தம், 2 ஊதல்.

விழுந்தவர் பெண் என்றால் தொடத் தயங்கி நிற்பதைப் பார்க்கிறோம். தயவுசெய்து தயங்காதீர்கள். கை வைக்கும் இடமும் ஆழமும் ஒன்றுதான்.

தனியாக இருக்கும்போது நெஞ்சுவலி வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருந்தால் தப்பிக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
– சேலம் வாசகர்

நம்பாதீர்கள். இதயம் நின்றவருக்கு இரும நினைவே இருக்காது; நினைவோடு இருப்பவருக்கு அதனால் பலனில்லை. ஆஞ்சியோகிராம் அறையில், மானிட்டரைப் பார்த்தபடி மருத்துவர் சில விநாடிகள் இருமச் சொல்வதுண்டு. அதிலிருந்து கிளம்பிய செய்தி இது. நெஞ்சுவலி வந்தால் உட்காருங்கள், கதவைத் திறந்துவைத்து 108-ஐ அழையுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவுப் பிரச்சினையோ இல்லாதவர்கள் 325 மி.கி. மாத்திரையை மென்று விழுங்கலாம். நினைவில்லாதவர் வாயில் எதையும் போடக் கூடாது, தண்ணீர்கூட.

அப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம் ஆகிறது. எக்கோ ஸ்கேனில் இ.எஃப். 30 சதவீதம். வலி இல்லை, நன்றாக நடக்கிறார். ஐ.சி.டி. கருவி வைக்க வேண்டியிருக்கலாம் என்கிறார் மருத்துவர். அடைப்பு சரியான பிறகு எதற்கு?
– திருநெல்வேலி வாசகி

மாரடைப்பு ரத்தக்குழாய்க் கோளாறு; கார்டியாக் அரெஸ்ட் பெரும்பாலும் மின்கோளாறு. குழாயைச் சரிசெய்தாலும், அடைபட்ட நேரத்தில் செத்துப்போன தசை தழும்பாகத் தங்கிவிடுகிறது. மின்னோட்டம் அந்தத் தழும்பைச் சுற்றிச் சுழல ஆரம்பித்தால் துடிப்பு தாறுமாறாகி, கீழறைகள் வெறுமனே நடுங்கும். இதுதான் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன். ஐ.சி.டி. என்பது உடம்புக்குள் பொருத்தும் சிறு கருவி; இந்த நடுக்கத்தைக் கண்டதும் தானாகவே ஷாக் கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும். ஒரு துடிப்பில் எத்தனை சதவீத ரத்தம் வெளியேறுகிறது என்பதே இ.எஃப்.; 55-க்கு மேல் இருப்பது இயல்பு. 35-க்குக் கீழே போனால் இந்த ஆபத்து ஏறுகிறது. நன்றாக நடப்பது நல்ல சேதி, ஆனால் அது தழும்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

உடனே வைத்துவிடுவதும் இல்லை. மாரடைப்புக்குப் பின் குறைந்தது 40 நாட்கள், ஸ்டென்ட் வைத்தவருக்கு வழக்கமாக மூன்று மாதம் மருந்து கொடுத்துவிட்டு மறுபடி எக்கோ எடுப்பார்கள். இ.எஃப். தேறிவிட்டால் கருவி வேண்டாம். ஆகவே இந்த மூன்று மாத மாத்திரைகளில் ஒரு வேளையும் தவறக் கூடாது. கருவி வைத்த பின் இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து 60 செ.மீ., செல்போனிலிருந்து 15 செ.மீ. தள்ளியிருந்தால் போதும்; சட்டையின் மேல்பையில் போன் வேண்டாம். ஒரே ஒரு ஷாக் அடித்து உடம்பு நன்றாக இருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்தடுத்து அடித்தால் 108.

சித்தப்பா மகன், 29 வயது, தூக்கத்தில் இறந்துவிட்டான். எந்த நோயும் இல்லை. அவன் தங்கைக்குப் பரிசோதனை தேவையா?
– யாழ்ப்பாண வாசகர்

கட்டாயம். பெற்றோருக்கும் தேவை. இளவயதில் காரணமில்லாமல் வரும் மரணத்துக்குப் பின்னால் தடித்த இதயத் தசை, லாங் க்யூ.டி., புருகாடா என்னும் இதய மின்கோளாறுகள் போன்ற பரம்பரைப் பிரச்சினைகள் இருக்கலாம். ஈ.சி.ஜி., எக்கோ, தேவைப்பட்டால் டிரெட்மில் சோதனை. இதயத் துடிப்புக் கோளாறு நிபுணர் அவற்றைப் பார்க்க வேண்டும். ஓடும்போதோ, திடுக்கிடும்போதோ அந்தப் பெண் மயங்கியதுண்டா என்று கேளுங்கள். லாங் க்யூ.டி. என்று தெரிந்தால் எரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல், டோம்பெரிடோன் போன்றவற்றைக் கடையில் தாமாக வாங்கக் கூடாது. வாந்திக்கு விழுங்கும் சாதாரண மாத்திரையே துடிப்பைக் குலைக்கலாம். புருகாடா உள்ளவர்கள் காய்ச்சலை வளரவிடாமல் பாராசிட்டமால் போட்டு இறக்க வேண்டும்.

உடல்தகுதி இதற்குக் கவசம் ஆகாது. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் யூரோ கோப்பை ஆட்டத்தின் நடுவே சரிந்த டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சனுக்கும் வயது 29. மைதானத்திலேயே சி.பி.ஆரும் மின்அதிர்ச்சியும் கிடைத்ததால் பிழைத்தார். ஐ.சி.டி. பொருத்திக்கொண்டு 2022 பிப்ரவரியில் மறுபடி ஆட வந்தார்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு, இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் ஏ.இ.டி. கருவி வாங்கலாமா? தெரியாமல் ஷாக் கொடுத்துவிட்டால்?
– கோவை வாசகர்

வாங்குங்கள். துடிப்பை ஆராய்ந்து, தேவை என்றால்தான் கருவி மின்னேற்றம் செய்யும். உங்கள் தவறால் ஷாக் போகாது. ஒரு ஒட்டுத்தகடு வலது காரை எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம். வியர்வையைத் துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பிடிக்காது. கருவி ‘தொடாதீர்கள்’ என்னும்போது மட்டும் விலகி, ஷாக் போனதும் உடனே அழுத்தத்தைத் தொடருங்கள். சங்க அலுவலகத்துக்குள் பூட்டி வைக்காமல் லிஃப்ட் பக்கத்தில் மாட்டுங்கள். ஒட்டுத்தகடுகளுக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு. மாதம் ஒருமுறை அதையும் கருவியின் பச்சை விளக்கையும் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கருவியோடு ஒரு கத்தரிக்கோலும் சவரக்கத்தியும் இருக்கட்டும்: சட்டையை வெட்டவும், முடி அடர்ந்த நெஞ்சில் தகடு ஒட்டும் இடத்தை மழிக்கவும்.