303 ரைஃபிள் வெறும் பழைய இரும்புதானா?

கேள்வி இதுதான்: பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன 303 துப்பாக்கியை நம் போலீஸ் இத்தனை வருஷம் ஏன் வைத்திருந்தது, அது வெறும் பழைய இரும்புதானே, கழித்துப்போட்ட பிறகு பொதுமக்கள் அதை வாங்க முடியுமா? அந்த ‘வெறும் பழைய இரும்பு’ என்ற வார்த்தை மட்டும் இல்லாவிட்டால் தாண்டிப் போயிருப்பேன். நீங்கள் அதைக் கருவூல வாசலிலோ வாக்குச்சாவடியிலோ ஒரு காவலர் தோளில் பார்த்திருப்பீர்கள், அல்லது 2008 மும்பைத் தாக்குதல் பற்றிப் படித்துக் கோபம் வந்திருக்கும். அந்தக் கோபம் எனக்கும் உண்டு, அதற்கும் வருகிறேன். நான் 1987-ல் ஆயுதப்படையில் காவலராகச் சேர்ந்தவன். அதில் பதினோரு வருஷம் ஆர்மரியில், அதாவது ஆயுதக் கிடங்கில், இந்த ரைஃபிள்களைத் துடைத்து, எண்ணி, கொடுத்து, வாங்கி வைக்கிற வேலை. அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல முடியும்.

303 என்பது குழாயின் அளவு, 0.303 அங்குலம்; ரைஃபிளின் பெயர் லீ-என்ஃபீல்ட். முதலில் ‘விட்டுப்போன’ என்பதே பாதிதான் உண்மை. எங்கள் ஆர்மரியில் இருந்தவற்றில் நிறைய, கல்கத்தாவுக்கு வடக்கே இருக்கிற இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்தவை. சுதந்திரத்துக்குப் பிறகு செய்ததில் கிரீடம் இருக்காது, அசோகச் சிங்கம் இருக்கும், ஆர்எஃப்ஐ (ரைஃபிள் ஃபேக்டரி இஷாப்பூர்) என்று எழுத்தும் வருஷமும் இருக்கும். முன் கட்டையில் குறுக்காக ஒரு திருகாணி போட்டிருப்பார்கள், கட்டை பிளக்காமல் இருக்க. அதைப் பார்த்தாலே இது இஷாப்பூர் சரக்கு என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். 1962 சீனப் போருக்குப் பிறகும் அதே தொழிற்சாலையில் அதே வடிவத்தை 7.62 மில்லிமீட்டர் ரவைக்கு (தோட்டாவைத்தான் நாங்கள் ரவை என்போம்) ஏற்றபடி நல்ல எஃகில் மாற்றி, பன்னிரண்டு ரவை மேகசின் வைத்து, 2ஏ1 என்ற பெயரில் செய்தார்கள். அதையும் பலர் 303 என்றே சொல்கிறார்கள். ரவை மாறிப்போனால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் சொல்கிறார்கள்.

லீ-என்ஃபீல்ட் என்பதில் லீ ஆள் பெயர், என்ஃபீல்ட் ஊர்ப் பெயர். ஜேம்ஸ் பாரிஸ் லீ ஸ்காட்லாந்தில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு கனடா போய், அப்புறம் அமெரிக்காவில் குடியேறியவர். ரவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கீழேயிருந்து ஸ்பிரிங் மேலே தள்ளும் பெட்டி மேகசினும், ரவையை உள்ளே தள்ளிப் பூட்டுகிற, கைப்பிடி வைத்த போல்டும் அவர் வேலை. 1888-ல் பிரிட்டிஷ் ராணுவம் அதை எடுத்துக்கொண்டபோது குண்டைச் சுழலவைக்கக் குழாய்க்குள் வெட்டும் வரிகள் மெட்ஃபோர்டு என்பவருடையவை, அதனால் லீ-மெட்ஃபோர்டு என்று பெயர். கருமருந்துக் கசடு ஒட்டக்கூடாது என்று அந்த வரிகளை ஆழமில்லாமல் வழவழப்பாக வெட்டியிருந்தார்கள். ஆனால் கொஞ்ச நாளிலேயே கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்துவிட்டது. அதன் சூடு அந்த வரிகளைத் தின்றுவிட்டது. லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசுத் தொழிற்சாலையில் ஐந்து வரிகளை ஆழமாக, விளிம்பு தெரிய வெட்டினார்கள். 1895-ல் லீ-என்ஃபீல்ட் ஆனது இப்படித்தான். (நம் சென்னையில் செய்கிற புல்லட் பைக்கின் என்ஃபீல்ட் என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான். அந்த சைக்கிள் கம்பெனி அந்தத் தொழிற்சாலைக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுத்தது.)

தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் எதிரில் இருந்த விவசாயிகள் கையில் மவுசர் என்ற ஜெர்மன் ரைஃபிள். அவர்கள் ஐந்து ரவையைச் சேர்த்துப் பிடிக்கும் தகட்டு கிளிப்பை ஒரே தள்ளில் இறக்கினார்கள், பிரிட்டிஷ் சிப்பாய் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தான். அடி வாங்கிய பிறகு, காலாட்படைக்கு நீளமாக ஒன்று, குதிரைப்படைக்குக் குட்டையாக ஒன்று என்பதை விட்டுவிட்டு, எல்லோருக்கும் ஒரே குட்டை ரைஃபிள், கிளிப்போடு, என்று முடிவு செய்தார்கள். 1907-ல் வந்த மார்க் 3-ம், முதல் உலகப் போரில் வேகமாகச் செய்வதற்காகச் சில பாகங்களைக் கழித்த மார்க் 3 ஸ்டாரும்தான் நாம் இங்கே பார்த்தவை. குழாய் 25 அங்குலம் சொச்சம், எடை கிட்டத்தட்ட நாலு கிலோ, மேகசினில் பத்து ரவை. மவுசரில் ஐந்துதான்.

இனி அந்த போல்டு. மவுசரில் கைப்பிடியைக் கால்வட்டம் தூக்க வேண்டும், தூக்கும்போதே ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டும். லீ-என்ஃபீல்டில் அறுபது டிகிரி தூக்கினால் போதும், அதுவும் லேசாக வரும். முன்னால் தள்ளும்போதுதான் ஸ்பிரிங் இறுகும், தள்ளுவதற்குத்தான் நம் கைக்கு வலு இருக்கிறதே. கைப்பிடி விசைக்குப் பக்கத்திலேயே வளைந்து உட்கார்ந்திருக்கும், சுட்ட கை அப்படியே அதன்மேல் விழும், துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமலே அடுத்த ரவை உள்ளே போய்விடும். 300 கஜத்தில் ஒரு நிமிடத்தில் பதினைந்து ரவை குறிபார்த்துச் சுட வேண்டும் என்பது முதல் உலகப் போருக்கு முன் பிரிட்டிஷ் சிப்பாயின் பயிற்சியில் இருந்தது. போல்டைப் பூட்டும் காதுகள் பின்பக்கம் இருப்பதால் குறி துல்லியத்தில் மவுசருக்குக் கொஞ்சம் கீழேதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சேற்றிலும் மணலிலும் இது சிக்கி நின்றுவிடாது. செய்தவன் சிப்பாயின் கையை நினைத்துச் செய்திருக்கிறான். பதினோரு வருஷம் தினமும் தொட்ட பிறகும் எனக்கு அது தெரிந்துகொண்டே இருந்தது.

நான் ஆர்மரிக்குப் போன முதல் வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் திடலில், சுட்டு முடித்து வந்த ரைஃபிள்கள் இருபது. தார்ப்பாய் விரித்து, போல்டுகளைக் கழற்றி வரிசையாக வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தோம். நடுவில் யாரோ கூப்பிட எழுந்து போய்விட்டு வந்து, அவசரத்தில் கைக்குக் கிடைத்த போல்டை மாட்டி ரேக்கில் வைத்துவிட்டேன். எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கிறது என்று நினைப்பு. சாயங்காலம் எங்கள் ஆர்மரர் ஏட்டையா வழக்கம்போல ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டே வந்தார். ஒன்றில் கை நின்றுவிட்டது. எண்ணைப் பார்க்கக்கூட இல்லை, இன்னொரு முறை மூடிப் பார்த்தார், அவ்வளவுதான். “இதை மாட்டினது யாரு?”

கைப்பிடியின் பின்பக்கம் ஓர் எண் இருக்கும், அதே எண் துப்பாக்கி உடம்பிலும் இருக்கும். இரண்டும் சேர்ந்துதான் ஒரு ரைஃபிள். நான் மாட்டியது வேறு எண். ஏட்டையா திட்டவில்லை. மேஜை டிராயரிலிருந்து ஒரு காலித் தோட்டாவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அடியிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே, சுற்றிலும் பித்தளை வெடித்து, அரைவட்டத்துக்கு வாய் பிளந்து கறுத்துப் போயிருந்தது. போல்டு முகத்துக்கும் ரவையின் அடிக்கும் நடுவில் முடிக்கணக்கில் இடம் கூடினாலும் தோட்டா பின்னால் நீண்டு இப்படிக் கிழியும், சூடான வாயு சுடுகிறவன் முகத்துக்கு வரும் என்றார். “என் சட்டையை நீ போட்டுக்கலாம் தம்பி, என் பல்செட்டை நீ போட முடியுமா?” இருபது ரைஃபிளையும் மறுபடி கழற்றி, எண் பார்த்து மாட்டி முடிக்க ராத்திரி பத்து மணி ஆனது. அன்றைக்குப் பிறகு என் வேலைக்காலம் முழுக்க ஒரு போல்டும் மாறவில்லை.

சுத்தம் செய்வதும் அவரிடம் கற்றதுதான். பழைய ரவையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் ஓர் உப்பு இருக்கும், சுட்டதும் அது குழாயில் ஒட்டிக்கொண்டு ஈரத்தை இழுக்கும், இரண்டே நாளில் துரு. எண்ணெய் போட்டால் அந்த உப்பு போகாது. அதனால் ரேஞ்சிலிருந்து வந்ததும் முதல் வேலை, அண்டாவில் வெந்நீர் கொதிக்கவைத்து, புனல் வைத்துக் குழாயில் ஊற்றுவது. இரும்பு சுடச்சுட, தண்ணீர் தானே காய்ந்துவிடும். அப்புறம் கட்டையின் அடியில் பித்தளைத் தகட்டில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்தால் உள்ளே எண்ணெய்ப் புட்டியும், துணி கோத்துக் குழாயைத் துடைக்கிற புல்த்ரூ கயிறும் இருக்கும். கயிற்றின் பித்தளைக் குண்டைப் பின்பக்கமாக உள்ளே விட்டு, முன்னால் வாயில் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். நடுவில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் துணி அங்கேயே சிக்கும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்த ரைஃபிளை ஜன்னல் பக்கம் பிடித்துக் குழாய்க்குள் பார்த்தால் ஐந்து வரியும் நூல் பிடித்தமாதிரி சுழன்று போவது தெரியும். நாற்பது வருஷத்துக்கு முந்திய குழாய் அது.

உடனே சிலர் வந்து, இவன் வெள்ளைக்காரன் துப்பாக்கிக்குப் பாட்டுப் பாடுகிறான் என்பார்கள். 1919-ல் ஜாலியன்வாலாபாகில் 1650 ரவை சுட்டது இந்த 303 ரவைதான், அது எனக்குத் தெரியும், அந்த எண் மனசில் இருக்கிறது. அது சுடச் சொன்னவனின் குற்றம், என் கையிலிருந்த இரும்பை வைத்து அதை நியாயப்படுத்த மாட்டேன். அதே மாதிரி இரண்டு உலகப் போரிலும் நம் சிப்பாய்கள் தோளில் சுமந்து போனதும், 1947-48-ல் காஷ்மீரில் கொண்டு போனதும் இதைத்தான்.

இன்னொன்று, இதை இன்றைக்கும் போலீசிடம் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. மும்பை ரயில் நிலையத்தில் அந்த ராத்திரி ஏகே 47-க்கு எதிரே 303-ஐயும் லத்தியையும் கொடுத்து நிறுத்தியது பெரிய கொடுமை. உத்தரப் பிரதேச காவல்துறை 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் இதற்கு விடை கொடுத்தது, அது இருபது வருஷத் தாமதம். ஆனால் தாமதத்துக்குக் காரணம் துப்பாக்கி இல்லையே. பணம் ஒதுக்காதவர்களையும் பயிற்சி கொடுக்காதவர்களையும் கேளுங்கள். எங்கள் மாவட்டத்தில் சில வருஷம் ஆளுக்குப் பத்து ரவை, சில வருஷம் அதுவும் கிடையாது. வருஷத்தில் ஒரு நாள், பத்து ரவை சுட்டவன் கையில் எந்தத் துப்பாக்கியைக் கொடுத்தாலும் என்ன செய்வான்?

பயிற்சி என்றதும் இது ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இடது காது பாதிக்குமேல் கேட்காது. வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு இடது காதுதான் குழாய் வாயைப் பார்த்து இருக்கும். அதுவும் நான் ரேஞ்சில் ஆர்மரராக நாள் முழுக்க நின்றவன், பஞ்சைத் தவிர வேறு எதுவும் கொடுத்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு காது மெஷினுக்கு எழுதிக் கேட்டால் ‘வயது மூப்பால்’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. இரண்டு காதும் ஒன்றாக மங்கினால் வயது, ஒரு காது மட்டும் போனால் அதுவும் வயதா? மூன்று முறை மனு போட்டேன், மூன்று முறையும் அதே வரி. இப்போது பேத்தி பேசினால் வலது பக்கம் வந்து உட்காரு கண்ணு என்கிறேன். என்னோடு ரேஞ்சில் நின்ற இன்னும் இரண்டு பேருக்கும் இதே கதை. இதைப் படிக்கிற யாராவது இப்போது பணியில் இருந்தால், காதடைப்பான் கேட்டு வாங்குங்கள், கொடுக்காவிட்டால் சொந்தக் காசில் வாங்குங்கள்.

சரி, கடைசிக் கேள்வி. பொதுமக்கள் 303 வாங்க முடியாது, அது தடைசெய்யப்பட்ட ரகம். ராணுவ ரவை வெளியே போகக்கூடாது என்று பிரிட்டிஷ் காலத்தில் போட்ட அணை அது. அதனால்தான் உரிமம் உள்ளவர்களுக்கு என்று இஷாப்பூரில் 315 ரைஃபிள் செய்தார்கள். ரவை வேறு, ஆனால் போல்டு அச்சு அசல் லீயுடையதுதான். உங்களுக்குத் தெரிந்த யாராவது உரிமத்தோடு வைத்திருந்தால், மேகசினும் அறையும் காலியாக இருப்பதை அவர் இரண்டு முறை பார்த்த பிறகு, போல்டை ஒரு முறை திறந்து மூடிக் காட்டச் சொல்லுங்கள். தள்ளும்போது கடைசி ஓர் அங்குலத்தில் ஸ்பிரிங் இறுகிக்கொண்டு வரும், அப்புறம் கைப்பிடி தானாகவே கீழே விழுந்து உட்காரும். அந்தச் சத்தம் எனக்கு இடது காதில்கூட இன்னும் கேட்கும்.