ஷைம் சூட்டீன்: தோலுரித்த மாட்டின் முன் நின்ற ஓவியர்

கேள்வி: உருவம் வரைவதை விரும்பாத ஆசாரமான யூதச் சூழலில் வளர்ந்தவர் எவ்வாறு ஓவியரானார்?

பதில்: மின்ஸ்க் நகருக்கு அருகே, இன்றைய பெலாரூஸில் உள்ள ஸ்மிலாவிச்சியில், பழந்துணி தைத்துப் பிழைத்த ஏழை ஒருவரின் பதினொரு பிள்ளைகளில் பத்தாமவராக 1893இல் சூட்டீன் பிறந்தார். ஊர்ப் பெரியவர் ஒருவரை வரையத் துணிந்ததற்காக அடிபட்டார் என்றும், அதற்கு ஈடாகக் கிடைத்த பணமே அவர் ஊரைவிட்டுப் புறப்பட உதவியது என்றும் அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். வில்னாவில் (இன்றைய லித்துவேனியாவின் வில்னியஸ்) ஓவியம் பயின்றபின் 1913இல் பாரிஸ் சென்று, வறிய கலைஞர்கள் தங்கிய லா ரூஷ் கட்டடத்தில் வாழ்ந்தார். அங்கு இத்தாலிய ஓவியர் மோதில்யானி அவருக்கு உற்ற நண்பரானார்.

கேள்வி: மாட்டுடலை அறையில் தொங்கவிட்டு வரைந்தது பரபரப்புக்காகத்தானே?

பதில்: இந்த எண்ணத்தை நான் உறுதியாக மறுக்கிறேன். 1925ஆம் ஆண்டளவில் அவர் முழு மாட்டுடல் ஒன்றை வாங்கித் தம் அறையில் தொங்கவிட்டதும், இறைச்சி காய்ந்து நிறம் மங்கியபோது அதன்மேல் இரத்தம் ஊற்றியதும், நாற்றம் தாளாத அண்டை வீட்டார் முறையிட்டுச் சுகாதார அதிகாரிகள் வந்ததும் பலராலும் சொல்லப்பட்டவை. ஆனால், பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1655இல் வரைந்த தோலுரித்த மாட்டை மீண்டும் மீண்டும் சென்று பார்த்தவர் அவர் என்பதை மறந்துவிடுகிறோம். அந்த ஓவியத்தைப் பார்த்துப் படியெடுக்க அவர் விரும்பவில்லை; ரெம்பிராண்ட் கண்டதைத் தாமும் கண்ணெதிரே காண விரும்பினார். பொருள் முன்னால் இல்லாமல் அவரால் வரைய இயலாது. சிறுவயதில் கசாப்புக்காரர் ஒரு பறவையின் கழுத்தை அறுத்தபோது தம் தொண்டையில் சிக்கிக்கொண்ட அலறலை விடுவிக்கவே வரைவதாக அவர் நண்பரிடம் கூறியதாகவும் பதிவு உண்டு. உணவில் இரத்தத்தை முற்றிலும் விலக்கும் யூத மரபில் வளர்ந்தவரின் கை அந்தச் சிவப்பைத் தீட்டியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

கேள்வி: அவருடைய வீடுகளும் மரங்களும் ஏன் புயலில் சிக்கியவைபோல் சாய்கின்றன?

பதில்: அவை பெரும்பாலும் 1919 முதல் 1922 வரை தெற்குப் பிரான்சில், பிரனீஸ் மலையடிவாரத்துச் செரே ஊரில் தீட்டியவை. முன்வரைவு இன்றி நேரடியாகக் கித்தானில் எண்ணெய்ச் சாயத்தைத் தடிப்பாக அப்பியதால், தூரிகை சென்ற வேகமே நிலத்தின் அசைவாகிவிடுகிறது. பிற்காலத்தில் அவர் இப்படங்களை வெறுத்து, கைக்கு எட்டியவற்றையெல்லாம் அழித்தார். அது பெரும் இழப்பு.

கேள்வி: வறுமை எப்போது நீங்கியது?

பதில்: அமெரிக்கச் சேகரிப்பாளர் ஆல்பர்ட் பார்ன்ஸ் 1922–23இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களை ஒருசேர வாங்கியபோது.

கேள்வி: யூத வாழ்வை வரையாதவரை யூத ஓவியர் என்று சொல்லலாமா?

பதில்: பெலாரூஸில் பிறந்த மற்றொரு யூத ஓவியரான ஷகால் வரைந்ததுபோல அவர் பிறந்த ஊரின் தெருக்களையும் சடங்குகளையும் வரையவில்லை; சமையற்காரச் சிறுவர்களையும், விடுதிப் பணியாளர்களையும், தேவாலயப் பாடகச் சிறுவர்களையும் வரைந்தார். படத்தில் தேடினால் அந்த அடையாளம் கிடைக்காமல் போகலாம். எனினும், ஜெர்மானியர் பிரான்சைக் கைப்பற்றியபின் அவர் யூதர் என்பதாலேயே ஊர் ஊராக ஒளிந்து வாழ நேர்ந்தது. நெடுநாள் வயிற்றுப்புண் முற்றியபோது, வழியில் ஜெர்மானியரின் சோதனைகளைத் தவிர்க்கச் சுற்றுவழியாகப் பாரிஸுக்குக் கொண்டுவரப்பட்டு, அறுவைச் சிகிச்சைக்குப்பின் 1943 ஆகஸ்ட் 9 அன்று இறந்தார். மோன்பர்னாஸ் கல்லறையில் நடந்த அடக்கத்துக்கு வந்த சிலருள் பிக்காசோவும் ஒருவர்.