ரத்தம் நிறைய, பயம் கொஞ்சம்: திகில் கேம் வாங்குவோருக்கான கேள்வி-பதில்

கேள்வி: ட்ரெய்லரில் ரத்தமும் சதையுமாகத் தெறித்ததே என்று ஒரு ஜாம்பி கேம் வாங்கினேன். ஒரு மணி நேரத்தில் பயம் போய், சும்மா சுட்டுக்கொண்டிருக்கிறேன். நிஜமாகவே பயமுறுத்தும் கேமை வாங்குமுன் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கையில் துப்பாக்கியும் பை நிறையத் தோட்டாவும் இருந்தால், எதிரே நிற்பது பேயே ஆனாலும் அது குறிபார்த்துச் சுட வைத்த பொம்மைதான். ட்ரெய்லரை விடுங்கள். யாரும் பேசாமல், கத்தாமல் விளையாடும் வீடியோவைப் பத்து நிமிடம் பாருங்கள். கையில் என்ன கொடுக்கிறார்கள், எங்கே சேவ் செய்ய விடுகிறார்கள், எதிரி எப்போதும் ஒரே தடத்திலேயே நடக்கிறதா என்று கவனித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

2010இல் ஸ்வீடனின் ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் வெளியிட்ட 'அம்னீசியா: தி டார்க் டிசென்ட்'டில் ஆயுதமே கிடையாது. இருட்டில் ஒளிந்தால் உங்கள் பாத்திரத்தின் புத்தி பேதலிக்கும். விளக்கேற்றினால் எண்ணெய் தீரும், அரக்கன் கண்ணிலும் படுவீர்கள். அரக்கனை உற்றுப் பார்த்தாலும் புத்தி குலையும் என்பதால் அதை யாரும் சரியாகப் பார்ப்பதே இல்லை. மீதியை மனசு வரைந்துகொள்கிறது.

சேவ் விஷயம் இன்னும் முக்கியம். இழக்க ஒன்றுமில்லாதவனுக்கு ஏது பயம்? 1996இல் வந்த முதல் 'ரெசிடென்ட் ஈவில்'லில் டைப்ரைட்டர் இருக்கும் இடத்தில்தான் சேவ். ஒவ்வொரு தடவையும் ஒரு மை ரிப்பன் செலவு. பொருள் வைக்க, நாயகன் கிறிஸ்ஸாக ஆடினால் 6 இடம், நாயகி ஜில்லாக ஆடினால் 8. ரிப்பன் எடுத்தால் தோட்டாவை விட வேண்டியிருக்கும். அதே தொடரின் நான்காம் பாகம் (2005) அருமையான கேம்தான், ஆனால் அது சண்டைப் பக்கம் சாய்ந்தது. பயம்தான் வேண்டும் என்றால் அதில் தொடங்காதீர்கள்.

எதிரியின் அறிவுக்கு நல்ல உதாரணம் 2014இல் வந்த 'ஏலியன்: ஐசோலேஷன்'. அங்கே இரண்டு மூளைகள் வேலை செய்கின்றன. ஒன்றுக்கு நீங்கள் இருக்கும் இடம் எப்போதும் தெரியும். அது ஏலியனுக்கு "அந்தப் பக்கம் போ" என்று மட்டும் சொல்லும். ஏலியனோ தன் கண்ணையும் காதையும் வைத்துத் தானே தேட வேண்டும். அதனால் அது எப்போதும் பக்கத்திலேயே சுற்றும், ஆனால் அடுத்து எங்கே வரும் என்று மனப்பாடம் செய்ய முடியாது. தீயைக் கக்கும் கருவி கிடைத்தாலும் அது விரட்டத்தான் உதவும், கொல்லாது. சேவ் கருவியில் அட்டையைச் செருகிவிட்டுச் சில விநாடி நிற்க வேண்டும். அந்த நேரத்தில் முதுகில் குத்து விழலாம்.

ஒரு எச்சரிக்கை: ஒரே இடத்தில் நாலைந்து முறை செத்தால் பயம் எரிச்சலாகிவிடும். முதல் தடவையே உச்சக் கடினத்தில் தொடங்க வேண்டாம்.

கேள்வி: 'பி.டி.' என்ற திகில் கேம் முன்னோட்டம் இன்ஸ்டால் செய்த பழைய பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) ஒன்று கூடுதல் விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: விளையாட ஆசை என்றால் வேண்டாம். கொனாமி 2014 ஆகஸ்டில் இலவசமாக விட்ட இந்த முன்னோட்டத்தை 2015 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்தப் பெட்டியின் ஹார்ட் டிஸ்க் போனாலோ, தெரியாமல் இனிஷியலைஸ் செய்து எல்லாவற்றையும் அழித்தாலோ, பெரிய டிஸ்க் மாட்டினாலோ ஸ்டோரிலிருந்து மறுபடி இறக்க வழியில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. உரிமம் விற்பவருடைய கணக்கில் இருக்கிறது. அவர் அந்தப் பெட்டியைத் தன் 'பிரைமரி' (முதன்மைப் பெட்டி) என்ற பதிவிலிருந்து நீக்கினால் உங்களுக்குப் பூட்டு விழும்.

அது ஏன் இவ்வளவு பேசப்பட்டது? வளைந்து செல்லும் ஒரே வீட்டு நடைவழியில்தான் திரும்பத் திரும்ப நடப்பீர்கள். பழகிய இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். பயம் காட்டப் பெரிய உலகம் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கேள்வி: சுற்றிலுமிருந்து சத்தம் வருவதுபோல் கேட்க வைக்கும் '7.1 சரவுண்ட்' என்று போட்ட ஹெட்செட் வாங்கினால் பயம் கூடுமா?

பதில்: பெரும்பாலான 7.1 ஹெட்செட்டில் காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான். மிச்சம் மென்பொருள் வித்தை. அந்தப் பணத்துக்கு வெளிச்சத்தம் புகாத, ஒயர் வைத்த நல்ல ஸ்டீரியோ ஹெட்ஃபோன் வாங்குங்கள். கேமுக்குள் ஒலி அமைப்பில் 'ஹெட்ஃபோன்' என்பதைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸ் சோனிக் போன்ற சரவுண்ட் மென்பொருளையும் ஹெட்செட்டின் சரவுண்டையும் அணைத்துவிடுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஓடினால் காலடிச் சத்தம் எந்தத் திசை என்றே தெரியாது. 'நைட் மோட்' இருந்தால் அதையும் அணையுங்கள். மெல்லிய சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்குவது அதன் வேலை. திகில் கேமுக்கு அதுதான் எமன்.

'ஃபாஸ்மோஃபோபியா' மாதிரி மைக்கில் பேசி விளையாடும் கேமுக்கு புளூடூத் ஹெட்செட் உதவாது. மைக் இயங்கியதும் பெரும்பாலும் அது தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். அந்த கேமில் பேய் வேட்டையாடும்போது உங்கள் பேச்சையும் கேட்கும். நாலு பேர் சேரலாம்தான், ஆனால் நாலு பேர் சேர்ந்தால் சிரிப்புதான் வரும். இரண்டு பேர் போதும்.

கேள்வி: இருட்டுக் காட்சியெல்லாம் சாம்பல் பூசியதுபோல் தெரிகிறது. மானிட்டர் பழுதா?

பதில்: பெரும்பாலும் அமைப்புக் கோளாறுதான். எச்டிஎம்ஐ வழியாக கிராபிக்ஸ் கார்டு கறுப்பு-வெள்ளை எல்லையைச் சுருக்கி ('லிமிடெட்') அனுப்ப, மானிட்டர் அதை முழு அளவு ('ஃபுல்') என்று எடுத்துக்கொண்டால் கறுப்பு சாம்பலாகும். தலைகீழானால் இருட்டுக்குள் எதுவும் தெரியாது. என்விடியா கார்டு என்றால் கண்ட்ரோல் பேனலில் 'அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்' என்பதை 'ஃபுல்' ஆக்குங்கள். டிவி என்றால் 'எச்டிஎம்ஐ பிளாக் லெவல்' பாருங்கள்.

அதற்கும் சரியாகாவிட்டால் பேனலின், அதாவது திரை வகையின், எல்லை அது. ஐபிஎஸ் வகைத் திரையின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) சுமார் 1000:1, விஏ வகையில் சுமார் 3000:1. விஏ-வில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் இருட்டில் நகரும் உருவம் பின்னால் இழுபடும். ஓஎல்இடி வகையில் இரண்டு தொல்லையும் இல்லை, விலைதான் தொல்லை. கேமின் வெளிச்ச அளவை ராத்திரி, அறை விளக்கை அணைத்துவிட்டு வையுங்கள். 'மங்கலாகத் தெரிய வேண்டும்' என்று காட்டும் படம் மங்கலாகத்தான் தெரிய வேண்டும்.

கேள்வி: வாங்கிய கேம் பிடிக்காவிட்டால் பணம் திரும்புமா?

பதில்: கணினி கேம் விற்கும் தளமான ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஓடியிருந்தால் திரும்பும். மெனுவில் சும்மா விட்டுவைத்த நேரமும் கணக்கில் சேரும். ஜிஓஜி என்ற இன்னொரு கேம் தளத்தில் 30 நாள், விளையாடியிருந்தாலும் கேட்கலாம். பிளேஸ்டேஷனில் டவுன்லோட் தொடங்கிவிட்டால், கேமில் கோளாறு இருந்தாலொழிய கிடைக்காது. வேறு தளத்தில் மலிவாக வாங்கிய கீ-க்கு (கேமைத் திறக்கும் குறியீடு) ஸ்டீம் பொறுப்பேற்காது. திகில் கேமில் இந்த 2 மணி நேரக் கணக்கு கொஞ்சம் ஏமாற்றும்: 'ஏலியன்: ஐசோலேஷன்'னில் ஐந்தாவது மிஷனான மருத்துவமனைப் பகுதியில்தான் அந்த ஜந்து விடாமல் தேடத் தொடங்கும். பலருக்கு அங்கே போவதற்குள் கெடு முடிந்துவிடும்.