லிங்காலாவில் நிறங்களின் பெயர்களை எப்படிக் கற்றுக்கொள்வது?

நிறப் பெயர்களின் அட்டவணையை எத்தனை முறை படித்தாலும் மனத்தில் நிற்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். லிங்காலா மொழி பேசப்படும் காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகரான கின்ஷாசாவில் ஒரு துணிக்கடையில் இரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதினேன். முதல் மாதத்தில் நானும் அப்படி ஒரு அட்டவணையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அதை மூடி வையுங்கள். லிங்காலாவில் நிறங்கள் அந்த மாதிரிக் கட்டங்களுக்குள் உட்காருவதில்லை.

முதலில் மூன்றே மூன்று சொற்கள் போதும். ம்பெம்பே என்றால் வெள்ளை. மொயிண்டோ என்றால் கறுப்பு. மோட்டானே என்றால் சிவப்பு. கின்ஷாசாக்காரர்கள் முதல் சொல்லின் தொடக்கத்தில் இருக்கும் மெல்லொலியை விட்டுவிட்டு 'பெம்பே' என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். பொருளுக்கும் நிறத்துக்கும் நடுவில் 'யா' என்ற சிறு சொல்லைப் போட்டால் தொடர் தயார். எலாம்பா யா மோட்டானே, சிவப்புத் துணி. துணிகள் பல என்றால் பிலாம்பா யா மோட்டானே. பெயர்ச்சொல்லின் முன்னொட்டுதான் மாறுகிறது, நிறம் அப்படியே நிற்கிறது. தொடங்குபவருக்கு இது பெரிய நிம்மதி.

'ம்பெம்பே'யை நான் மறக்கவே முடியாதபடி கற்றது கால்பந்தால். அந்த நகரத்தின் பழைய அணிகளில் ஒன்றின் பெயர் மோட்டேமா பெம்பே. மோட்டேமா என்றால் இதயம். வெள்ளை இதயம். நாம் 'வெள்ளை மனசு' என்று சொல்வதற்கு இவ்வளவு அருகில் ஒரு சொல்லை ஆப்பிரிக்காவின் நடுவில் கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. அவர்களுக்கும் வீட்டா கிளப் அணிக்கும் ஆட்டம் இருக்கும் நாளில் நகரமே இரண்டாகப் பிரிந்து நிற்கும். கடைப் பையன்கள் காலையிலிருந்தே அந்தப் பெயரைக் கத்திக்கொண்டிருப்பார்கள். அதன்பின் எந்த அட்டவணை வேண்டும்?

ஒரு எச்சரிக்கை. தெருவில் குழந்தைகள் உங்களை 'முண்டெலே' என்று அழைப்பார்கள். வெள்ளைக்காரரையும் பொதுவாக வெளிநாட்டவரையும் குறிக்கும் சொல் அது. அதற்கும் ம்பெம்பேக்கும் தொடர்பில்லை. நிறச் சொல் என்று நினைத்துச் சட்டைக்குப் பயன்படுத்திவிடாதீர்கள்.

இனிப் பச்சைக்கு வருகிறேன். தமிழர்களாகிய நமக்கு இங்கே ஒரு சொத்து இருக்கிறது. அகராதியில் பச்சை என்று தேடினால் 'மொபேசு' என்ற சொல் கிடைக்கும். ஆனால் சந்தையில் அதை அதிகம் கேட்டது மீன் விற்கும் பெண்களிடம்தான். ம்பிசி யா மொபேசு. உலர்த்தாத, சுடாத, புதிய மீன். அதாவது பச்சை மீன்! வேகாத இறைச்சியும் மொபேசுதான். நிறத்தையும் பக்குவப்படாத தன்மையையும் ஒரே சொல்லில் வைப்பது ஆங்கிலம் வழியாகப் படிப்பவருக்குக் குழப்பமாகத் தெரியலாம். பச்சைமிளகாய், பச்சரிசி, பச்சைத்தண்ணீர், பச்சைக்குழந்தை என்று சொல்லி வளர்ந்த நமக்கு என்ன குழப்பம்?

ஆனால் துணியைக் காட்டி மொபேசு என்று சொன்னால் பார்ப்பவர்கள் சற்றுத் தயங்குவார்கள். இதை நான் கடையிலேயே கண்டேன். ஒரு நாள் நடுவயதுப் பெண்மணி ஒருவர் ஆறு கெஜ லிப்புட்டா வாங்க வந்தார். லிப்புட்டா என்பது பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் அச்சுத்துணி. "மாமா, ஒலிங்கி லாங்கி நினி?" என்றேன். அம்மா, என்ன நிறம் வேண்டும் என்று பொருள். அங்கே வயதில் மூத்த பெண்கள் எல்லோரும் 'மாமா'தான். நமது தாய்மாமனை நினைத்துக்கொண்டால் வாய் கூசும், பழகிவிடும். அவர் கை காட்டிய அடுக்கிலிருந்து கிளிப்பச்சைத் துணியை எடுத்து விரித்தேன். தலையை ஆட்டினார். "போயே டே. லோக்கோலா போண்டு." இப்படி இல்லை, போண்டு மாதிரி.

போண்டு என்றால் மரவள்ளி இலை. இடித்து, நெடுநேரம் வேகவைத்து, பனை எண்ணெய் ஊற்றிச் சமைப்பார்கள். சயனைடு நஞ்சு போக வேண்டும் என்பதால் அந்த இலையை அவசரமாகச் சமைக்க முடியாது. வெந்து முடித்தபின் செடியில் இருந்த பளபளப்பு எதுவும் மிஞ்சாது. அடர்ந்த, மங்கிய, விளிம்பில் செந்நிற எண்ணெய் மினுங்கும் பச்சை. அவர் சொன்னது அந்தப் பச்சையை. அடியில் கிடந்த ஒரு கட்டை உருவி எடுத்தேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். எந்த அகராதியும் அந்த நிறத்தை எனக்கு அவ்வளவு துல்லியமாகக் காட்டியிருக்காது.

'லோக்கோலா', மாதிரி. மீதி நிறங்களுக்கு இந்த ஒரு சொல்தான் சாவி. சாம்பல் நிறமா, சாம்பலுக்கும் தூசிக்கும் உள்ள 'புட்டுலு'வைச் சொல்லுங்கள். ஆரஞ்சு நிறமா, ஆரஞ்சுப் பழத்தின் பெயரான 'லிலாலா'. நாமும் மாம்பழ மஞ்சள், கத்திரிப்பூ நிறம், மயில்கழுத்து நிறம் என்றுதானே புடவை கேட்கிறோம்.

மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நகரத்து மக்கள் பிரெஞ்சுச் சொற்களையே போட்டுப் பேசுவார்கள். பச்சைக்குக்கூட 'வேர்' என்பார்கள். அதைக் குறையாக நினைக்காதீர்கள். லிங்காலா காங்கோ ஆற்றங்கரை வணிகத்தில், பொபாங்கி மொழியை அடியாகக் கொண்டு வளர்ந்த மொழி. கரைக்குக் கரை சொல் வாங்குவது அதன் இயல்பு. காங்கோ ஜனநாயகக் குடியரசு, காங்கோ குடியரசு என்ற இரு நாடுகளிலும் ஆட்சிமொழி பிரெஞ்சு. ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள பிராசவில்லில் டாக்சிகள் பச்சை நிறம். அவற்றைப் பற்றிப் பேசும்போதும் என் காதில் விழுந்தது 'வேர்'தான்.

ஒலியில் ஒன்றைக் கவனியுங்கள். இது சுரம் மாறினால் பொருள் மாறும் மொழி. 'மோட்டோ'வை ஒரே மட்டத்தில் சொன்னால் மனிதர், கடைசி அசையை உயர்த்தினால் தலை. தமிழ் எழுத்தில் நான் எழுதியிருப்பது வழிகாட்டத்தான். உச்சரிப்பைக் காதால் பிடியுங்கள். கையில் கிடைக்கும் பொருளைக் காட்டி "லாங்கி நினி?" என்று பேசுபவரிடமே கேளுங்கள். காய்கறிக் கூடையிலிருந்து தொடங்குவது எளிது.