வீடு வேண்டும் என்றால் முதலில் வங்கிக் கடனுக்குக் கணக்குப் போடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 41. திருமணமாகி 14 ஆண்டுகள், பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். மனமொத்துப் பிரிவது என்று முடிவாகிவிட்டது. செத்தாப்பாக்கில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீடு இருவர் பெயரிலும் உள்ளது, கடனும் அப்படித்தான். இன்றைய மதிப்பு 600,000 வெள்ளி, கடன் பாக்கி 260,000. விற்றுப் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர். பிள்ளைகளின் பள்ளி அங்கேதான், எனக்கு வீட்டை விட மனமில்லை. ஆறு ஆண்டுகள் நான் வேலைக்குப் போகாததால் தவணையைப் பெரும்பாலும் அவர்தான் கட்டினார். எனக்கு உரிமை இருக்கிறதா? கைக்கு வரும் சம்பளம் 4,200 வெள்ளி, கார் தவணை 480.

— வாசகி, கோலாலம்பூர்

பதில்: உரிமை இருக்கிறது சகோதரி. அதில் சந்தேகமே வேண்டாம். முஸ்லிம் அல்லாதவர்களின் விவாகரத்துக்கான 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 76-வது பிரிவு, வீட்டைப் பார்த்துக்கொண்டதையும் பிள்ளைகளை வளர்த்ததையும் சொத்துக்கான பங்களிப்பாகவே கணக்கில் எடுக்கிறது. 2018 டிசம்பரில் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, திருமணக் காலத்தில் சேர்ந்த சொத்து எதுவானாலும் சமமாகப் பிரிப்பதையே நீதிமன்றம் நாட வேண்டும். வேலைக்குப் போகாத அந்த ஆறு ஆண்டுகளை மட்டும் சொல்லி உங்கள் பங்கைக் குறைத்துவிட முடியாது. (இஸ்லாமியக் குடும்பங்களுக்கு இது ஷரியா நீதிமன்றத்தில் ஹார்த்தா செபன்சாரியான் (திருமணத்தில் சேர்ந்து ஈட்டிய சொத்து) என்ற வேறு வழி.)

உங்கள் சிக்கல் நீதிமன்றத்தில் இல்லை, வங்கியில் இருக்கிறது. வீடு மனைவிக்கு என்று நீதிபதி உத்தரவிட்டாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. கடனில் இரண்டு பேர் கையெழுத்து இருக்கும்வரை முழுப் பாக்கிக்கும் இருவருமே பொறுப்பு. ஒருவர் கட்டத் தவறினால் சிசிஆர்ஐஎஸ் என்ற கடன் வரலாற்றுப் பதிவில் மற்றவர் பெயரும் கெடும். ஆகவே உங்கள் ஒருவர் பெயரில் புதுக் கடன் எடுத்துப் பழையதை அடைக்க வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். மதிப்பில் கடன் போக மிஞ்சுவது 340,000. அவர் பங்கு 170,000. பாக்கியோடு சேர்த்தால் நீங்கள் வாங்க வேண்டிய கடன் 430,000. 4.2 விழுக்காட்டு வட்டியில் 25 ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 2,320 வெள்ளி. கார் தவணையும் சேர்ந்தால் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கடனுக்கே போய்விடும். வங்கி தயங்கும். அனுமதி கிடைத்தாலும் பிள்ளைகளோடு அந்த மிச்சத்தில் மாதத்தை ஓட்டுவது கொடுமை.

அதற்காக விற்றுத்தான் ஆக வேண்டும் என்றில்லை. வீட்டை மட்டும் தனியாகப் பிரிக்காமல் மொத்தச் சொத்தையும் மேசையில் வையுங்கள். திருமணக் காலத்தில் சேர்ந்த இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சேமிப்பும் அமானா சஹாம் பங்கு நிதி முதலீடும் இதில் அடங்கும். அந்த ஆண்டுகளில் அவர் இபிஎஃப்பில் 180,000, உங்களுடையதில் 80,000 சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 100,000, அதில் உங்கள் பாதி 50,000. அதைப் பணமாகக் கேட்காமல் வீட்டுப் பங்கில் கழித்துக்கொண்டால் அவருக்குத் தர வேண்டியது 120,000 ஆகக் குறைகிறது. கடன் 380,000, தவணை ஏறத்தாழ 2,050. கார் தவணையோடு சேர்ந்து சம்பளத்தில் 60 விழுக்காடு. இறுக்கம்தான், ஆனாலும் வங்கியோடு பேசக்கூடிய எண். 70 வயதுவரை தவணைக் காலத்தை நீட்டக் கேட்கலாம், மாதச் சுமை இன்னும் இறங்கும், மொத்த வட்டி ஏறும். அவர் தரப்போகும் ஜீவனாம்சத்தை நம்பித் தவணைக் கணக்குப் போடாதீர்கள்.

கூட்டு விவாகரத்து மனுவில் கையெழுத்திடுமுன் இரண்டு வங்கிகளிலாவது விண்ணப்பித்து, அனுமதி கிடைக்கும் தொகையை எழுத்தில் வாங்குங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். உத்தரவு வந்த பிறகு வங்கி மறுத்துவிட, வீடும் கடனும் இருவர் பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் தொங்குகின்றன. பழைய கடனில் ஆரம்ப ஆண்டுகளில் அடைத்தால் அபராதம் என்ற நிபந்தனை இருக்கிறதா, எம்ஆர்டிஏ (வீட்டுக் கடனுக்கான ஆயுள் காப்புறுதி) யார் பெயரில், எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் கேளுங்கள். கடன் அடைந்ததும் பழைய காப்புறுதி உங்களைக் காக்காது, புதியது எடுக்க வேண்டும்.

மனுவில் "கணவர் தன் பங்கை மனைவிக்கு மாற்றித் தர வேண்டும்" என்று மட்டும் எழுதினால் போதாது. எத்தனை நாளுக்குள் 14ஏ என்ற பெயர் மாற்றப் பாரத்தில் கையெழுத்திட வேண்டும், பராமரிப்புக் கட்டணப் பாக்கியும் கதவு வரியும் (மாநகராட்சியின் சொத்து வரி) யார் தலையில், 120,000 எப்போது அவர் கைக்குப் போகும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். அவர் கையெழுத்திட மறுத்தால் நீதிமன்றப் பதிவாளர் அவருக்குப் பதிலாகக் கையெழுத்திடலாம் என்ற ஒரு வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு கையெழுத்துக்காக மறுபடியும் கோர்ட் படி ஏற வேண்டியிருக்கும். பணத்தை நேராக அவரிடம் தராதீர்கள். வழக்கறிஞர் வசம் இருக்கட்டும், பெயர் மாற்றம் பதிவானதும் விடுவிக்கட்டும்.

முத்திரை வரியும் சொத்து இலாப வரியும் கணவன் மனைவிக்கு இடையிலான மாற்றத்தை ஒரு மாதிரியும் பிறருக்கிடையிலானதை வேறு மாதிரியும் பார்க்கின்றன. முதல் தீர்ப்புக்கும் அது உறுதியாவதற்கும் இடையே மூன்று மாதம் இருக்கிறது. எந்த நாளில், எந்த முறையில் மாற்றினால் எவ்வளவு செலவு என்று வழக்கறிஞரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். கெரானில் (உரிமைப் பத்திரத்தில்) குத்தகை நிலம் என்றோ செகாத்தான் (உரிமை மாற்றக் கட்டுப்பாடு) என்றோ குறிப்பு இருந்தால் மாநில அல்லது கூட்டரசுப் பிரதேச நில அலுவலகத்தின் ஒப்புதல் தேவைப்படலாம், அதற்கு மாதங்கள் ஆகலாம்.

கடன் கிடைக்காமலே போனால், கடைசிப் பிள்ளைக்கு 18 வயதாகும்வரை நீங்கள் குடியிருந்து, பிறகு விற்றுப் பிரிப்பது என்று ஒப்புக்கொள்ளலாம். அவர் பெயர் கடனில் நீடிப்பதால் புது வீட்டுக்கு அவர் கடன் வாங்குவது சிரமமாகும். அதனால் எளிதில் சம்மதிக்க மாட்டார். இடையில் அவர் இறந்துவிட்டால் அவருடைய பாதி உங்களுக்குத் தானாக வராது, அவர் வாரிசுகளுக்கே போகும்.

வழக்கறிஞருக்குச் செலவழிக்க வழியில்லை என்றால் ஜபாத்தான் பந்துவான் குவாமான் (அரசின் சட்ட உதவித் துறை) அலுவலகத்தையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அணுகுங்கள்.

மாற்றம் முடிந்ததும் நில அலுவலகத்தில் சாரியான் (உரிமைப் பதிவுத் தேடல்) எடுத்து, உரிமையாளராக உங்கள் பெயர் மட்டும் இருக்கிறதா, பழைய வங்கியின் அடமானம் நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டிபிகேஎல் (மாநகராட்சி) கதவு வரி, டிஎன்பி மின் கணக்கு, தண்ணீர்க் கணக்கு, குடியிருப்பு நிர்வாகம் ஆகியவற்றிலும் பெயரை மாற்றிவிடுங்கள்.